கொங்கு வரலாறு எங்கே தொடங்குகிறது?

கேள்வி: கொங்கு நாட்டு வரலாற்றை என் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?
(வாசகி, காங்கேயம்)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள், அம்மா. நொய்யல் கரையில், சங்க நூலான பதிற்றுப்பத்து பாடும் கொடுமணல் என்ற பழைய ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த, மிளகு அளவே இருந்த ஒரு சூதுபவள (செந்நிறக் கல்) மணியைப் பார்த்தேன். நூல் கோக்க இட்ட துளை அவ்வளவு நேர்! தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளும் அங்கு கிடைத்தன. பிறகு சேரர், கொங்குச் சோழர், பாண்டியர், விஜயநகரம், மதுரை நாயக்கர், மைசூர் என ஆட்சிகள் மாறின. 1799இல் மைசூரின் திப்பு சுல்தான் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தார். ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கோட்டைக்குப் பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போங்கள். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. என் தாத்தா ஏரை விட்டு ஆலைக்குப் போனது அப்போதுதான்.