ஒரே ஒரு தடவை எம்.எல்.ஏ.

கேள்வி: பாப்பா உமாநாத் எங்கள் தொகுதியில் ஒரே ஒரு தடவைதான் ஜெயித்தார், அதுவும் இரண்டு வருஷம்தான். அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?
- ஒரு வாசகர், திருவெறும்பூர்

பதில்: கணக்கு சரிதான். 1989-இல் தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்ட் வேட்பாளராக ஜெயித்தார், 1991 ஜனவரியில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள், அதோடு முடிந்தது. கணவர் உமாநாத்தாவது புதுக்கோட்டையில் இரண்டு முறை எம்.பி. ஆனால் பாப்பாவை எம்.எல்.ஏ. பதவியை வைத்து அளந்தால் ஒன்றும் பிடிபடாது.

உங்கள் பக்கத்துப் பொன்மலைக்கே போங்களேன். அங்கே ரயில்வே தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்த அம்மாவின் பெண் அவர். பாத்திரம் கழுவும் இடத்திலேயே தொழிற்சங்கப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தனியாக அரசியல் வகுப்பு எதற்கு? 1946 செப்டம்பர் 5-இல் சங்கத் திடலில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் செத்தபோது அவருக்கு வயது பதினைந்து. அப்புறம் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை, தலைமறைவு, கைது. சிறையில் உண்ணாவிரதம் இருந்து அம்மா இறந்துபோகிறார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் உடலைப் பார்க்கலாம் என்றார்கள். எழுதித் தரவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. இருபது வயதுகூட நிரம்பாத பெண்! என்னால் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று அடுத்த வரிக்குப் போக முடிந்ததில்லை.

எழுபதுகளில் கே.பி. ஜானகி அம்மாளோடு சேர்ந்து ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டினார். ஆண் தொழிலாளியின் கூலிக்காகக் கொடி பிடித்த இயக்கத்துக்குள்ளேயே, அவன் வீட்டில் மனைவியை அடிப்பதும் வரதட்சணை கேட்பதும் நம் பிரச்சினைதான் என்று பேச வைப்பது லேசான வேலையா? என்னைக் கேட்டால் தேர்தலில் நிற்பதைவிட இதுதான் கஷ்டம். 1981-இல் சென்னையில் அகில இந்திய சங்கம் உருவானபோதும் முன்வரிசையில் இருந்தார். பின்னாளில், 1992-இல் வனத்துறை, போலீஸ் ஆட்களின் வன்கொடுமைக்கு ஆளான வாச்சாத்தி மலைக்கிராமத்துப் பெண்களுக்காக வருஷக்கணக்கில் நின்றதில் அந்தச் சங்கத்துக்கும் பங்கு உண்டு. அந்த வழக்கின் தீர்ப்பு 2011-இல் வந்தது, இவர் இறந்தது 2010 டிசம்பரில்.

கேள்வி: 'பாப்பா' சொந்தப் பெயரா?
- ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: இல்லை, தனலட்சுமி. பிறந்தது உங்கள் ஊர்ப் பக்கம், கோவில்பத்து. 'பாப்பா' என்பது சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட கூப்பிடு பெயர். 79 வயதில் இறந்தபோதும் போஸ்டரில் அதுதான் இருந்தது.