படம் நன்றாக இருக்கிறது, ஆர்டர் மட்டும் ஏன் வருவதில்லை?

டிஜிட்டல் ஓவியம் வரையும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "படம் போட்டால் நண்பர்கள் பாராட்டுகிறார்கள், ஆர்டர் வருவதில்லை. என்னைவிடச் சுமாராக வரைபவர்களுக்கு வேலை குவிகிறது. காசு கொடுத்து லைக் ஏற்றலாமா, இல்லை விலையைக் குறைக்கட்டுமா?"

இரண்டும் வேண்டாம்.

பாட்டோ படமோ கதையோ, நமக்குப் பிடிக்குமா என்பது அனுபவித்த பிறகுதான் தெரியும், எல்லாவற்றையும் அனுபவித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, அதனால் மற்றவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நாமும் எடுக்கிறோம். மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை ஒரு இணையச் சோதனையில் காட்டி 2006-இல் வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள், 14,000-க்கும் மேற்பட்ட கேட்பவர்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல் மட்டும் தெரியும், அதை எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது தெரியாது. மற்றவர்களை எட்டுத் தனித்தனி 'உலகங்களாக'ப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரியாதவர்களிடம் 26-ஆவது இடம் பிடித்த ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40-ஆவது இடம்! பாட்டு அதேதான், முதலில் வந்தவர்கள் எதைத் தொட்டார்கள் என்பதுதான் வேறு. மிகச் சிறந்தவை பெரும்பாலும் அடியில் போகவில்லை, மிக மோசமானவை மேலே வரவில்லை. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. நம்மில் பெரும்பாலோர் அந்த நடுவில்தான் இருக்கிறோம், அதனால் அடுத்தவருக்கு வேலை குவிவதை வைத்து உங்கள் திறமையை அளக்காதீர்கள்.

சரி, அப்படியானால் எண்ணிக்கையைப் பொய்யாக ஏற்றினால் என்ன? அதையும் பார்த்துவிட்டார்கள். 2008-இல் சால்கானிக்கும் வாட்ஸும் தரவரிசையைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள். பெரும்பாலான பாடல்களுக்குப் பொய்யாகக் காட்டிய இடமே நாளடைவில் நிஜமானது உண்மைதான், ஆனால் மிகச் சிறந்த பாடல்கள் சில மெல்ல மேலே ஏறிவந்தன, மொத்தத் தரவிறக்கமும் குறைந்துபோனது. உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: காசுக்கு வந்த கணக்குகள் யாரிடமும் உங்களைப் பற்றிப் பேசாது. விலைக் குறைப்பும் இதே கதைதான், உங்களை ஏற்கெனவே தெரிந்தவர் கண்ணில்தான் அது படும்.

நீங்கள் செய்யவேண்டியது, கூட்டத்தைச் சுருக்குவது. எல்லாருக்கும் எல்லாம் வரையாமல், சிறுவர் நூல், விளையாட்டுச் செயலி, இசை ஆல்ப அட்டை என ஏதாவது ஒன்றில், ஒருவரையொருவர் அறிந்த சின்ன வட்டத்தில் தொடர்ந்து தென்படுங்கள். ஆயிரம் அந்நியர்கள் தலா ஒருமுறை பார்ப்பதைவிட, ஐம்பது பேர் கொண்ட வட்டத்தில் மூன்று பேர் உங்கள் பெயரைச் சொல்வதுதான் வேலை கொடுப்பவரை நகர்த்தும்.

அப்புறம், நெருங்கிய நண்பர்களின் பாராட்டோடு நிற்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் உங்களுக்கும் தெரிந்தவர்களே. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு அந்தத் தகவல் எப்போதாவதோ அபூர்வமாகவோ சந்திக்கும் ஆட்களிடமிருந்தே வந்திருந்தது. ஆகவே முன்பு ஒரே ஒரு படம் வாங்கியவர், கூட வேலை பார்த்துப் பிரிந்த வடிவமைப்பாளர், எப்போதோ பேசிய பதிப்பாசிரியர் என்று ஒரு பட்டியல் போட்டு, இந்த வாரமே ஆளுக்கு ஒரு புதுப் படத்தோடு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.