தொட்டி நிழலும் பூமி நிழலும்: சோலார் கேள்வி பதில்

அல்சூரில் எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில் சோலார் போடலாமா என்று பேச்சு எழுந்ததும், செயலாளர் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து, கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லிவிட்டார். பீன்யாவில் இருபது வருடம் பேனல் சோதித்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பாதிச் சீட்டு மாடியைப் பற்றி, மீதி ராக்கெட்டைப் பற்றி. இஸ்ரோ இருக்கும் பெங்களூரில் அப்படித்தான் வரும்.

முதல் மாடி அக்கா: ஏற்கெனவே சோலார் ஹீட்டர் இருக்கிறதே, இதுவும் அதுவும் ஒன்றுதானா?

இல்லை அக்கா. ஹீட்டர் வெயிலின் சூட்டை வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறித் தொட்டிக்குப் போகும், அவ்வளவுதான். பேனலுக்கு வேண்டியது ஒளி. சிலிக்கான் தகட்டில் ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் விடுபட்டுக் கிளம்பும். தகட்டின் ஒரு பக்கம் துளி பாஸ்பரஸ், மறுபக்கம் துளி போரான் கலந்திருப்பதால் நடுவில் ஒரு மின்புலம் உண்டு. அது எலக்ட்ரான்களை ஒரே திசையில் தள்ளும். சூடு பேனலுக்கு ஆகவே ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். இந்த விஷயத்தில் சென்னைக்காரர்களைவிட நமக்குக் கொஞ்சம் லாபம்.

மூன்றாம் மாடி சார்: தண்ணீர்த் தொட்டி நிழல் பேனலின் ஓரத்தில் விழுந்தால் அந்த ஓரம்தானே போகும்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் சார். பேனலில் உள்ள ஒவ்வொரு சிலிக்கான் தகட்டையும் சில்லு என்போம். ஒரு சில்லு தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவே. அதனால் பூத்தொடுத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். நடுவில் ஒன்று இருட்டில் இருந்தால் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் அது மறித்துக்கொள்ளும், சூடாகிக் கருகவும் கூடும். அதைத் தடுக்கத்தான் பின்பக்கப் பெட்டியில் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடு வைப்பார்கள். நிழல் பட்ட பகுதியை விட்டுவிட்டு மின்னோட்டம் சுற்றிப் போகும். பேனல் பிழைத்தது, ஆனால் கையளவு நிழலுக்கு மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போச்சு. ஒசூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, யூனிட் ஏன் குறைகிறது என்று பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டரை நான்கு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, நான் காயப்போட்ட வேட்டி.

பெயர் எழுதாத சீட்டு: கரண்ட் போனால் இது ஓடுமா?

பேட்டரி இல்லாமல், நமக்கு மின்சாரம் தரும் பெஸ்காம் நிறுவனத்தின் லைனோடு மட்டும் இணைத்தால் ஓடாது. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்று இன்வர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

ஆறாம் வகுப்புப் பாப்பா: விண்வெளியில் எப்போதும் வெயில்தானே தாத்தா, அப்புறம் எதற்கு பேட்டரி?

நம் தொட்டிக்கு இருக்கிற மாதிரி பூமிக்கும் நிழல் உண்டு கண்ணு. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றும். பெரும்பாலான சுற்றுகளில் 35 நிமிடம் போல இருட்டு. அந்த நேரத்துக்குத்தான் பேட்டரி. டிவி சாட்டிலைட்டுகள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் வருடத்தில் பெரும்பகுதி நிழலே படாது. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய சில வாரங்கள் மட்டும் தினமும் நிழலுக்குள் போய் வரும், அதிகபட்சம் 72 நிமிடம்.

நிலாவில் இன்னும் மோசம். அங்கே பகல் 14 நாள், இரவும் 14 நாள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது, பகல் தொடங்கிய சமயம் பார்த்துத்தான். பிரக்யான் வண்டியின் பேனல் தந்தது 50 வாட். உன் அறையில் மின்விசிறி ஓட அது போதாமலும் போகலாம்! இருட்டுவதற்கு முன் பேட்டரியை நிரப்பி, மறுபடி சூரியன் உதிக்கும் திசைக்குப் பேனலைத் திருப்பித் தூங்கவைத்தார்கள். எழுந்திருக்கவில்லை. வெயில் திரும்ப வந்தது, ஆனால் அந்தக் குளிரைத் தாங்கும்படி அந்தக் கருவிகள் செய்யப்படவில்லை.

இரண்டாம் மாடி கல்லூரித் தம்பி: சாட்டிலைட்டில் போவதும் மாடியில் போடுவதும் ஒரே பேனலா?

அடிப்படை ஒன்று, சரக்கு வேறு. 1958-இல் போன அமெரிக்க சாட்டிலைட் வேன்கார்டு-1 சாதாரண சிலிக்கான் சில்லுகளோடுதான் போனது. அதன் பேட்டரி ஜூனிலேயே தீர்ந்தது, சோலாரில் ஓடிய டிரான்ஸ்மிட்டர் 1964 வரை பேசியது. இப்போது அனுப்புவது காலியம் ஆர்சனைடு சேர்ந்த மூன்றடுக்குச் சில்லு. மேல் அடுக்கு நீலப் பக்கத்து ஒளியை எடுத்துக்கொள்ள, மிச்சம் கீழே இறங்கும். சுமார் 30 சதவீத ஒளி மின்சாரமாகும். நம் மாடிச் சரக்கு 20, 22-ஐத் தாண்டினாலே பெரிது. அங்கே காற்று தடுக்காததால் சதுர மீட்டருக்கு 1361 வாட் வெயில், இங்கே உச்சிப் பொழுதில் சுமார் 1000. விலை கேட்டால் மயக்கம் வரும் தம்பி, அதனால்தான் மாடிக்கு வரவில்லை.

அதே தம்பி: வியாழன் வரை சோலாரில் போக முடியுமா?

நாசாவின் ஜூனோ விண்கலம் போயிருக்கிறது. அங்கே வெயில் நமக்குக் கிடைப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதனால் மூன்று பெரிய பேனல் இறக்கைகள்.

தரைத்தளத் தாத்தா: என் கால்குலேட்டர் ட்யூப்லைட்டிலேயே ஓடுகிறதே?

அதற்கு வேண்டிய மின்சாரம் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது ஐயா. அதில் உள்ள சில்லு, படிகமாகாத சிலிக்கான் பூச்சு. வீட்டு விளக்கொளிக்குத் தோதானது.

செயலாளர்: முடிவாகச் சொல்லுங்கள், போடலாமா?

போடலாம். ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் வரும். தெற்கு பார்த்து, 13 டிகிரி போலச் சாய்த்து வையுங்கள். தெற்குச் சுவரோரம் நிற்கும் தொட்டியை முதலில் வடக்கு ஓரத்துக்கு மாற்ற வேண்டும். பிளம்பரிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன் என்றார். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.