வாசகர் கேள்வி – பதில்: செக்கு எண்ணெய்க் கடையின் இணையதளத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: என் தகப்பனார் காலத்திலிருந்து வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்று வருகிறோம். வெளியூர்களுக்கும் பார்சல் அனுப்பத் தொடங்கியிருப்பதால் இணையதளம் ஒன்றைத் தயார் செய்கிறோம். வடிவமைப்பவர் படங்களை வைத்துவிட்டு, "எழுத வேண்டியதை நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்கிறார். எழுத உட்கார்ந்தால் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்பதைத் தாண்டி ஒரு வரியும் வரவில்லை. எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகர், வெள்ளகோவில்

பதில்: அந்த வரியும் வராமலே இருந்திருக்கலாம். நகைக்கடை, சீட்டு நிறுவனம், பள்ளிக்கூட வேன் என எதன்மீது எழுதினாலும் பொருந்திவிடுகிற வாசகம் அது. எல்லாவற்றுக்கும் பொருந்துவதாலேயே உங்கள் எண்ணெயைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. "பாரம்பரியமிக்க", "கலப்படமற்ற", "நூறு சதவீதம் சுத்தமான" என்பனவும் அதே வகைதான். கலப்படம் செய்பவரும் இதே சொற்களைத்தான் அச்சடித்து ஒட்டுகிறார் என்பது வாங்குபவருக்குத் தெரியும்.

எழுதுவதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். கடைத் தொலைபேசியின் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே குறித்து வாருங்கள். செக்கு எண்ணெய் விற்கிற இடத்தில் என்னென்ன கேள்விகள் வரும் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கடலை எண்ணெயில் பலகாரம் சுட்டால் ஏன் நுரைத்துப் பொங்குகிறது? டின்னின் அடியில் ஏன் மண்டி நிற்கிறது? மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து வந்திருக்கிறதே, மெழுகு ஏதும் கலந்திருக்கிறீர்களா? பாக்கெட் எண்ணெயைவிட விலை ஏன் இவ்வளவு கூடுதல்? இவற்றுக்கெல்லாம் நீங்கள் கல்லாவில் அமர்ந்தபடி அன்றாடம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அந்தப் பதில்களை எழுத்தில் கொண்டுவந்தால் இணையதளத்தின் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

விலையையே எடுத்துக்கொள்வோம். "நியாயமான விலை" என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ 2.5 கிலோ பருப்பு பிடிக்கிறது என்று எழுதிவிட்டால், அன்றைய பருப்பு விலையைத் தெரிந்த எவரும் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார். பெரிய ஆலைகள் பிண்ணாக்கில் எஞ்சியிருக்கும் எண்ணெயையும் ஹெக்சேன் என்னும் கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்துவிடுகின்றன. செக்கில் அந்த எண்ணெய் பிண்ணாக்கோடு சேர்ந்து மாட்டுக்குப் போய்விடுகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். முகப்புப் பக்கம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றையும் எங்கள் செக்கில் ஆட்டி விற்கிறோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு 2.5 கிலோ பருப்பு பிடிக்கிறது. நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம். ஆட்டிய எண்ணெயை வெயிலில் தெளியவிட்டு, மேலாக நிற்பதை மட்டும் எடுத்து அடைக்கிறோம். அதன் பிறகும் அடியில் மெல்லிய மண்டி படியலாம். அது பருப்பின் துகள்தான். எள்ளோ கொப்பரையோ நீங்களே கொண்டுவந்தால் கூலிக்கும் ஆட்டித் தருவோம்."

இதில் "தரம்" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் நடைமுறை வேறாக இருந்தால் உள்ளதை உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். கருப்பட்டிக்குப் பதில் வெல்லம் சேர்ப்பவராக இருந்தால் வெல்லம் என்றே எழுதுங்கள்.

நுரை, உறைதல் பற்றிய விளக்கங்களை அந்தந்த எண்ணெயின் பக்கத்தில் வைப்பது நல்லது. செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதால், ஆலையில் நீக்கப்படும் பசைப்பொருள்களும் சிறிது ஈரமும் அதில் தங்கியிருக்கும். காயும்போது நுரைப்பதற்கு அதுவே காரணம். ஆகவே வாணலியில் பாதி அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். உங்கள் ஊரில் சில நாள்களே காணும் இந்தக் காட்சி பெங்களூருக் குளிரில் வாரக்கணக்கில் நீடிக்கும் என்பதால், "பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள்" என்ற ஒரு வரி உங்களுக்கு வரக்கூடிய பல புகார் அழைப்புகளைக் குறைக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காளை மாடு செக்குச் சுற்றும் படத்தை எங்கிருந்தோ எடுத்து முகப்பில் வைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் பெருகிவிட்டது. உங்கள் செக்கு மோட்டாரில் ஓடுகிறது என்றால் அதையே படமெடுத்துப் போடுங்கள். வாகை மர உலக்கையா, உரல் எதனால் ஆனது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பவற்றை நேரில் பார்த்து எண்ணி எழுதுங்கள். மோட்டாரில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாட்டுப் படத்தை நம்பிக் கடைக்கு வந்தவர் மோட்டார் சத்தத்தைக் கேட்கும் நிலைதான் சங்கடம்.

கேள்வி: எங்கள் எண்ணெய் "கொலஸ்ட்ரால் இல்லாதது, இதய நோயைத் தடுக்கும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்" என்று எழுதலாமா? எல்லோரும் எழுதுகிறார்களே!
– ஒரு வாசகி, மதுரை

பதில்: எழுதாதீர்கள், அம்மா. கொலஸ்ட்ரால் என்பது விலங்கு உணவுகளோடு தொடர்புடையது. தாவர எண்ணெய் எதிலும் அது பொருட்படுத்தும் அளவில் இராது. ஆலை எண்ணெய்க்கும் இது பொருந்தும் என்பதால், உங்கள் எண்ணெய்க்கு மட்டுமான சிறப்பாக அதைக் காட்டுவது வாசிப்பவரைத் திசைதிருப்புவதாகும். சமையல் எண்ணெயின் லேபிளிலும் விளம்பரத்திலும் கொலஸ்ட்ராலை எதிர்ப்பது, இதயத்துக்கு இதமானது என்ற பொருள்படும் சொற்களைப் பயன்படுத்தக்கூடாது என்று 2011ஆம் ஆண்டிலேயே உணவு லேபிள் விதிகள் பெயர் சொல்லித் தடுத்துவிட்டன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006இன் 53ஆவது பிரிவின்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். உங்கள் இணையதளமும் விளம்பரம்தான்.

அந்த இடத்தில் எழுதுவதற்குச் சட்டமே சில செய்திகளைக் கேட்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறை தந்த 14 இலக்க உரிம அல்லது பதிவு எண், கடையின் முழு முகவரி, நிகர அளவு, வரிகள் உட்பட அதிகபட்ச விலை ஆகியவற்றைக் கண்ணில் படும்படி வையுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார்களைக் கவனிப்பவரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். சிறிய கடையில் அந்த அதிகாரி பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்!

கேள்வி: எங்கள் துண்டுப்பிரசுரத்தை அடித்துக் கொடுத்த டி.டி.பி. கடையிலிருந்து எழுத்தை வாங்கி இணையதளத்தில் ஒட்டினால், தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகிறது. அதனால் பிரசுரத்தையே படமாகப் போட்டுவிட்டோம். சரிதானே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சரியில்லை. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு மாற்றியில் இட்டு, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். படமாகப் போட்ட எழுத்து கைபேசியில் பொடிப்பொடியாகத் தெரியும். அதிலிருந்து தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது.

கேள்வி: தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?
– அதே வெள்ளகோவில் வாசகர்

பதில்: இரண்டிலும் எழுதுங்கள், ஆனால் ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்க வேண்டாம். திருப்பூரிலிருந்து படிப்பவருக்குச் செக்கு என்றால் என்ன என்று விளக்கினால் அவர் எரிச்சலடைவார். அவருக்குத் தெரிய வேண்டியது விலையும், கூலிக்கு ஆட்டும் நாள்களும், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்குவது என்பதும்தான். புனேயிலிருந்து ஆங்கிலத்தில் படிப்பவர் செக்கைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு மர உலக்கை சுற்றும் விதத்தையும், பார்சல் எத்தனை நாளில் சேரும், கசிந்தால் என்ன செய்வீர்கள் என்பவற்றையும், வெள்ளகோவில் என்ற ஊர் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.