பாஸ்வேர்டை எப்படி உடைக்கிறார்கள்?

"யாரிடமும் சொல்லவில்லை, அப்புறம் எப்படி என் பாஸ்வேர்டு போனது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து யூகிப்பதில்லை. ஏற்கெனவே கசிந்த பட்டியலைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே சேமித்து வைத்திருந்தார்கள், கொடுமை. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியலை வைத்து இன்றும் உடைத்துப் பார்க்கிறார்கள்.

சரி, ஒழுங்கான தளங்கள் பாஸ்வேர்டை ஹேஷாக (கணக்கிட்டு உருவாக்கிய, பார்த்தால் புரியாத எழுத்து-எண் வரிசையாக) மாற்றி வைக்குமே? அதை நேரடியாகத் திருப்ப முடியாதுதான். ஆனால் திருடியவர் பட்டியலிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அதேபோல் ஹேஷாக்கி, எது பொருந்துகிறது என்று பார்ப்பார். 'ஏ'-வுக்குப் பதில் @ போடுவது, கடைசியில் பிறந்த வருடம் சேர்ப்பது எல்லாம் இதைச் செய்யும் மென்பொருளுக்கு அத்துப்படி.

பட்டியலில் இல்லையென்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முயல்வார்கள். 8 சிறிய ஆங்கில எழுத்துகளுக்குச் சுமார் 20,900 கோடி சேர்க்கைகள். பழைய, வேகமான ஹேஷ் முறை என்றால் நல்ல கிராபிக்ஸ் கார்டுக்குச் சில நிமிட வேலைகூட இல்லை.

போலி லாகின் பக்கம் காட்டி உங்களையே தட்டச்சு செய்ய வைப்பது இன்னொரு வழி. ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது வேறு: ஒரு சின்ன ஷாப்பிங் தளத்தில் கசிந்த அதே பாஸ்வேர்டை உங்கள் ஜிமெயிலிலும் போட்டுப் பார்த்திருப்பார்கள்.