த்ரில்லர் படத் தொடக்கத்தில் பாத்திரங்கள் சமூகக் குழுக்களை எப்படிக் காட்டுகின்றன?

மாணவர் எடுக்கும் த்ரில்லரின் முதல் இரண்டு நிமிடத்தில், ஒரு பாத்திரம் எந்தச் சமூகக் குழு என்பதை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வசனத்துக்கு நேரம் இருக்காது. உடை, கையில் இருக்கும் பொருள், கேமரா கோணம் இவைதான் பேச வேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தையில் இரவு கடை மூடும் காட்சி என்று வையுங்கள். ஷட்டரை இழுத்துப் பூட்டிய, தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்த மலையகப் பையன் சாவியை இரண்டு கையாலும் நீட்டுகிறான். முதலாளி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்குகிறார். வர்க்கம், வயது, அதிகாரம் எல்லாம் அந்த ஒரே ஷாட்டில் வந்துவிடும். முதலாளியைக் கீழிருந்து எடுத்தால் இன்னும் அழுத்தம் கூடும்.

அப்புறம், ஓடுபவள் பெண், துரத்துபவன் ஏழை என்ற பழைய வார்ப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெள்ளவத்தைக் கடலோரச் சாலையான மரைன் டிரைவில் தனியாக நடக்கும் பெண்ணே பின்தொடர்பவளாக இருக்கட்டும்.