டேட்டாஷீட்டும் வைவாவும் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்தான். கணக்கு கொடுத்தா போட்டுருவேன், சர்க்யூட்ட பார்த்தா புரியுது, ஆனா டெக்ஸ்ட்புக்ல ஒரு பாரா படிச்சு முடிக்கிறதுக்குள்ள மண்டை காயுது. லேப் ரெக்கார்ட சீனியரோடத பார்த்து அப்படியே எழுதிடுறேன். வைவால (வாய்மொழித் தேர்வுல) கேள்வி புரியுது, பதிலும் தெரியும், வாய்தான் வரமாட்டேங்குது. டெக்னிக்கல் வார்த்தைங்கள லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணுன்னு கூட படிக்கிறவங்க சொல்றாங்க. ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ்ல சேரலாமா, இல்ல டிரான்ஸ்லேட் பண்ற ஆப்ப வச்சே ஓட்டிரலாமா? எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

ஆர்.

*

அன்புள்ள தம்பி,

முதல்ல அந்த லிஸ்ட தூக்கி ஓரமா வைங்க. கெயின், பேண்ட்வித், ஃபீட்பேக் எல்லாம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும், தினமும் கிளாஸ்ல காதுல விழுறதுதான, அதுல யாரும் தடுக்கி விழறதில்ல. விழ வைக்கிறது நடுவுல கண்டுக்காம தாண்டிப் போற சின்னச் சின்ன வார்த்தைங்க. அன்லெஸ், ப்ரொவைடட் தட், வேர்ஆஸ், வித் ரெஸ்பெக்ட் டு, ரெஸ்பெக்டிவ்லி... இந்த மாதிரி ஒரு ஐம்பது, அறுபது இருக்கும். அது புரியாமப் போனா அந்த வாக்கியத்துல இருக்கிற பெரிய வார்த்தை பூரா தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல.

555 டைமர்ங்கிற ஐசிய, அதாவது சிப்ப எடுத்துக்கங்க, லேப்ல எப்படியும் தொட்டிருப்பீங்க. அதோட டேட்டாஷீட்ல, அதாவது தயாரிக்கிற கம்பெனி கொடுக்கிற விவரத் தாள்ல, சப்ளை வோல்டேஜ் ரெண்டு எடத்துல வரும். ஆப்சல்யூட் மேக்ஸிமம் ரேட்டிங்ஸ்ங்கிற டேபிள்ல 18 வோல்ட்னு போட்டிருக்கும், ரெக்கமெண்டட் ஆபரேட்டிங் கண்டிஷன்ஸ்ல 4.5ல இருந்து 16 வரைக்கும்னு இருக்கும் (என்இ555க்கு). பசங்க முதல் டேபிள பார்த்துட்டு, ஓகே 18 வரைக்கும் கொடுக்கலாம் போலன்னு முடிவு கட்டிடுறாங்க. அந்த டேபிள் கூடவே பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்கும், அத யாரும் படிக்கிறதில்ல. இந்த அளவ தாண்டினா ஐசி நிரந்தரமா போயிடலாம், இதெல்லாம் ஐசி தாங்குற அளவு மட்டும்தான், இந்த அளவுல ஒழுங்கா வேலை செய்யும்னு இதுக்கு அர்த்தம் இல்லைன்னு சொல்ற குறிப்பு அது. இங்கிலீஷ்ல டூ நாட் இம்ப்ளைன்னு வரும். அதுல டெக்னிக்கல் வார்த்தை எங்க இருக்கு சொல்லுங்க? ஆனா ஐசி பிழைக்கிறது அந்த மூணு வார்த்தையிலதான். நம்பர மட்டும் பொறுக்கிட்டு சுத்தி இருக்கிற வாக்கியத்த விடுற பழக்கம் கணக்கு நல்லா வர்ற பசங்ககிட்டதான் ஜாஸ்தி, உங்களயும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது தரவிதிகள் படிக்கிறப்பவும் இதே கதைதான். ஸ்கூல் கிராமர்ல ஐ, வீ கூட வர்றது ஷேல்னு படிச்சிருப்போம். ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்ட்ல ஷேல்னா கட்டாயம், ஷுட்னா பரிந்துரை, மே-ன்னா அனுமதி, கேன்னா அது சாத்தியம்னு அர்த்தம், அவ்வளவுதான். ஷுட்ட கட்டாயம்னு எடுத்துக்கிட்டா தேவையில்லாம செலவு இழுக்கும், ஷேல சும்மா சொல்றாங்கன்னு விட்டா டெஸ்ட்ல ஃபெயில்.

நல்ல சேதி என்னன்னா இந்த இங்கிலீஷ் ரொம்ப சின்னது. கதை, கவிதை, கிண்டல் எதுவும் இதுக்குள்ள வராது. விமானத் துறைல சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்னு ஒண்ணு வச்சிருக்காங்க, 1986ல ஆரம்பிச்சது, இப்ப ஏஎஸ்டி-எஸ்டிஇ100னு பேரு. மெயின்டனன்ஸ் மேனுவல் படிக்கிற மெக்கானிக்ல நிறைய பேருக்கு தாய்மொழி இங்கிலீஷ் கிடையாது, தப்பாப் புரிஞ்சுக்கிட்டா விமானத்துக்கே ஆபத்து, அதனால எழுதுறவங்களுக்குக் கடிவாளம் போட்டாங்க. பொதுவான வார்த்தை சுமார் 900தான், ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம், செய்முறை வாக்கியம் 20 வார்த்தைய தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம்னா 25. இலவசமாவே கேட்டு வாங்கலாம். வாங்கிப் புரட்டுங்க, பயம் பாதி போயிடும்.

இப்ப ரெக்கார்டு. சீனியர பார்த்து எழுதுறத நான் குத்தம் சொல்ல வரல, எல்லாரும் பண்றதுதான், ஆனா உங்க கையில இருக்கிற நல்ல பயிற்சிய வாராவாரம் வீணாக்குறீங்க. லேப் மேனுவல் பூரா கட்டளையா இருக்கும், கனெக்ட் த சர்க்யூட், மெஷர் தி அவுட்புட்னு. ரெக்கார்டுல அதையே நடந்து முடிஞ்ச விஷயமா எழுதணும், த சர்க்யூட் வாஸ் கனெக்டட், தி அவுட்புட் வாஸ் மெஷர்ட். யாரு பண்ணாங்கங்கிறது முக்கியமில்ல, என்ன பண்ணாங்கங்கிறதுதான் முக்கியம், பாசிவ் வாய்ஸ் இங்க வர்றதுக்குக் காரணமே அதுதான். கிராஃப் பத்தி எழுதுறப்ப மட்டும் நிகழ்காலம், த கிராஃப் ஷோஸ், ஏன்னா கிராஃப் இப்பவும் அதையேதான் காட்டிக்கிட்டிருக்கு. மேனுவல வச்சுக்கிட்டு சீனியர் நோட்ட மூடிட்டு நீங்களா மாத்தி எழுதுங்க. அப்புறமா திறந்து ஒப்பிட்டுப் பாருங்க, அவர் பண்ண தப்புகூட கண்ணுல படும்.

வைவால வாய் வரலைங்கிறதுக்கும் கிராஃப்தான் மருந்து. ரூம்ல யாரும் இல்லாதப்ப ஒரு கிராஃப எடுத்து வச்சுக்கிட்டு சத்தமா சொல்லுங்க. ஆஸ் த ஃப்ரீக்வென்சி இன்க்ரீஸஸ், த கெயின் ட்ராப்ஸ். அப்புறம் ஏன்னு ஒரு வாக்கியம், பிகாஸ் போட்டு. அது எப்ப பொருந்தாதுன்னு ஒரு வாக்கியம், அன்லெஸ் போட்டு. முதல்ல தமிழ்ல காரணத்த தெளிவா சொல்ல முடியுதான்னு பார்த்துக்கங்க, தமிழ்லயே தடுமாறுதுன்னா பிரச்சனை இங்கிலீஷ்ல இல்ல, பாடத்துல இருக்கு, திரும்பப் போய் அதப் படிங்க. வைவால கேக்குறவங்க உச்சரிப்புக்கு மார்க் போடுறதில்ல, காரணத்துக்குத்தான் போடுறாங்க (ஒண்ணு ரெண்டு பேர் மூஞ்ச சுளிப்பாங்கதான், விடுங்க).

டிரான்ஸ்லேட்டர் ஆப் வச்சுக்கங்க, ஆனா ரெண்டாவதா. மொதல்ல நீங்க படிச்சு இது இதத்தான் சொல்லுதுன்னு உங்க வார்த்தையில எழுதிட்டு, அப்புறம் ஆப் என்ன சொல்லுதுன்னு பாருங்க. ரெண்டும் வேற வேறயா இருக்கிற எடத்துல மூலத்துக்குத் திரும்பிப் போங்க, பெரும்பாலும் ஒரு 'நாட்' இல்லன்னா 'அன்லெஸ்' அங்க உக்காந்திருக்கும்.

ஸ்போக்கன் கோர்ஸ் இன்டர்வியூ சமயத்துல கூச்சம் போறதுக்கு உதவும், சேருங்க, ஆனா அங்க சொல்லித் தர்றது தன்னை அறிமுகப்படுத்துறது, போன்ல பேசுறது இதெல்லாம்தான், டேட்டாஷீட்ட யாரும் திறக்கப் போறதில்ல. இந்த செமஸ்டருக்கு அத நம்பி உக்காராதீங்க. அடுத்த லேப்ல என்ன ஐசின்னு இன்னைக்கே கேட்டு வச்சு, அதோட டேட்டாஷீட்ல ரேட்டிங்ஸ் டேபிளையும் பக்கத்துல இருக்கிற குறிப்பையும் மட்டும் படிச்சுட்டுப் போங்க. புரியாத வாக்கியம் இருந்தா அப்படியே எனக்கு எழுதுங்க, பார்ப்போம்.